இன்னும் வேணுமா?

"நாலு நிமிஷம் இருவது செகண்டு, மேடம். டாண்ணு படம் நின்னுருது. இது ரூட்டர் தலையெழுத்தா, என் தலையெழுத்தா?"

அருளப்பன் அண்ணாச்சிக்கு வயசு ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ரூமிலிருந்து நெட்வொர்க் வேலைக்கு வந்து எட்டு மாசம். வேலை சொல்லிக்கொடுக்கிற ஆவுடைச்செல்விக்கு முப்பது.

நாளைக் காலை பத்து மணிக்கு இருதய ஆபரேஷன். அதை ஆறு வகுப்பறைகளில் மாணவர்கள் நேரலையாகப் பார்க்க வேண்டும். படம் நின்றால் அண்ணாச்சி பழையபடி ஜெனரேட்டர் ரூமுக்குத்தான். டீன் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பாவம், மனுஷன் மத்தியானம் சாப்பிடவே இல்லை.

"என்ன மாத்தினீங்க, அண்ணாச்சி?"

"ஒண்ணும் மாத்தலையே."

எந்த ஊர் நெட்வொர்க்காரரும் முதலில் சொல்வது இதைத்தான். ஆவுடைச்செல்வி கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இல்ல மேடம், முன்னாடி இந்தப் படம் கேட்டவன், கேக்காதவன் எல்லார் கம்ப்யூட்டருக்கும் போயி மொத்த லைனையும் அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. கேட்ட ரூமுக்கு மட்டும் போகட்டும்னு ரூட்டர்ல மல்டிகாஸ்ட் செட்டிங்க மாத்துனேன்."

"நல்ல வேலை."

"பொறவு பாத்தா, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்க ரூட்டர் எல்லா ரூமையும் கேக்கு. 'இன்னும் வேணுமா, இன்னும் வேணுமா'ன்னு. வேணும்னு ஒரு தடவ சொன்னவன்கிட்ட என்னத்துக்கு இந்த நச்சரிப்பு? அத நிப்பாட்டிட்டேன்."

ஆவுடைச்செல்வி எழுந்தாள்.

"வாங்க, மூணாவது மாடிக்குப் போவோம்."

"ரூட்டர் இங்கல்லா இருக்கு!"

அவள் போய்விட்டாள்.

மூன்றாவது மாடி, தலைக்காய வார்டு. பைக்கிலிருந்து விழுந்த ஒருவர் தலையில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஜெபமணி அவர் தோளைத் தட்டினாள்.

"உங்க பேரு என்ன?"

"தங்கப்பழம்."

சிஸ்டர் சார்ட்டில் நேரத்தை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"போலாமா, மேடம்?"

ஆவுடைச்செல்வி நகரவில்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்றார்கள். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தார். நாளைக்கு ஜெனரேட்டர் ரூமுக்குத் திரும்பப்போகிறவன் வார்டில் நின்று வேடிக்கை பார்க்கிறானே என்று அவருக்கு அழுகையே வந்தது.

சிஸ்டர் திரும்பி வந்தாள். தோளைத் தட்டினாள்.

"உங்க பேரு என்ன?"

"ஏம்மா, இப்பத்தான சொன்னேன்! மனுசனத் தூங்க விட மாட்டியா? தங்கப்பழம், தங்கப்பழம்னு எத்தன தடவ சொல்லுதது!"

சிஸ்டர் சிரித்தாள். நேரத்தை எழுதினாள்.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"அவருதான் பேரச் சொல்லிட்டாருல்லா, சிஸ்டர். திரும்பத் திரும்ப ஏன் கேக்கீங்க?"

"அது அரை மணிக்கு முன்னாடி சொன்னது, அண்ணாச்சி."

அண்ணாச்சி கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். தங்கப்பழம் அதற்குள் மறுபடி தூங்கியிருந்தார்.

திடீரென்று அண்ணாச்சி படிக்கட்டைப் பார்த்து ஓடினார்.

"மெதுவா, அண்ணாச்சி! விழுந்து வச்சிராதீங்க!"

"பழைய பதில நம்பாமத்தான் ரூட்டர் படத்த நிப்பாட்டுது! அங்க ஆறு ரூமும் கேக்க ஆளில்லாமக் கெடக்கு, மேடம்!"