அஞ்சலை எழுதிய ஏழாம் யோசனை

அல்லிக்குளத்தங்கரையில் அஞ்சலை என்றோர் ஆட்காட்டிப் பறவை இருந்தாள். அவளுக்கு மூன்று வேலைகள். மூன்றும் முழுநேர வேலைகள்.

முதல் வேலை காட்டுக் காவல். புலியோ வேடனோ தலைகாட்டினால் பாறைமேல் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். இரண்டாவது வேலை, பொரிந்து ஒரு வாரமே ஆன நாலு குஞ்சுகள். ஆட்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. கூழாங்கல் தரையில்தான் குடித்தனம். காற்றும் வெயிலும் தாராளமாக வரும். கீரியும் வரும்.

மூன்றாவது வேலை அவளாகத் தேடிக்கொண்டது. குளக்கரை ஈரச்சேற்றில் தினமும் கால் நகத்தால் கீறி எழுதுவாள். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள். இதற்குக் காட்டில் சேற்றுப்பதிவு என்று பேர். அவளுடைய பதிவின் தலைப்பு, ‘வேலை, வீடு, எழுத்து: சிரித்தபடி சமாளிப்பது எப்படி?’

அந்தச் ‘சிரித்தபடி’தான் கொஞ்சம் இடித்தது. ஒருநாள் காலை மூன்று குஞ்சுகள் சாப்பிட்டது ஞாபகம் இருந்தது, நாலாவது சாப்பிட்டதா என்பது ஞாபகம் இல்லை. காவல் பாறையில் நின்றபடியே இரண்டு முறை கண்ணயர்ந்துவிட்டாள். ஆனால் சேற்றில் எழுதியதோ இப்படி: ‘இன்று குஞ்சுகளுக்குச் சிற்றெறும்புப் பலகாரம். காவலும் குறையில்லாமல் முடிந்தது. பிறகு எனக்கே எனக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கி, அல்லி பூப்பதை ரசித்தேன்.’ அவள் அல்லியைப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

புள்ளிமான் ஒன்று அதைப் படித்துவிட்டு உருகியது. “அக்கா! எப்படித்தான் இத்தனையும் சமாளிக்கிறீங்களோ! எனக்கு ஒத்தைக் குட்டிக்கே நாக்கு தள்ளுது!”

“எல்லாம் திட்டமிடல்தாம்மா!” என்றாள் அஞ்சலை.

உண்மையைச் சொன்னால், நாள் முழுக்க அவள் முகத்தைப் பார்த்து யாராவது நாலு வார்த்தை பேசுவது அந்த ஒரு நேரத்தில்தான். அந்த நாலு வார்த்தைக்கு அவள் ஏங்கினாள். அதற்காகவே மறுநாளும் எழுதினாள்.

அவள் கணவன் வேலப்பன் குளக்கரையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருப்பான். அதுவே அவனுக்குப் பெரிய வேலை. “நான் அவ விஷயத்துல தலையிடுறதே இல்லை. முழுச் சுதந்திரம் கொடுத்திருக்கேன்!” என்பான். “எவ்வளவு பெரிய மனசு!” என்று கொக்குகள் வியக்கும். குஞ்சுகள் விஷயத்திலும் அவன் தலையிடுவதில்லை. அவ்வளவு பெரிய மனசு.

காவல் தலைவர் கரடியாரும் பதிவைப் படித்தார். அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“அஞ்சலை, பிரமாதமா எழுதியிருக்கே! அல்லி பார்க்கக்கூட நேரம் மிச்சம் பிடிக்கிறியே! அப்போ மேற்குப் பாறைக் காவலையும் சேர்த்துப் பார்த்துக்கம்மா!”

அஞ்சலைக்கு மறுக்கத்தான் ஆசை. ஆனால் ‘முடியாது என்ற பேச்சுக்கே என்னிடம் இடமில்லை’ என்று முந்தாநாள்தான் எழுதியிருந்தாள். கரடியார் அதையும் படித்திருந்தார்.

“சரிங்கய்யா!” என்றாள்.

எழுத்தாளர்களுக்கெல்லாம் ஒரு தீவிர வாசகர் வாய்ப்பதுண்டு. அஞ்சலைக்கு வாய்த்தது ஒரு கீரி. ஒரு பதிவு விடாமல், ஒவ்வொன்றையும் மூன்று தடவை படிக்கும்.

“அம்மா, உங்க எழுத்துதான் எனக்குச் சாப்பாடு!” என்றது கீரி. “ஆனா ஒரு குறை. விவரம் பத்தலை. எந்த நேரத்துக்கு வேலைக்குப் போறீங்க, அப்போ பிள்ளைங்க எங்கே இருக்கு, இதெல்லாம் எழுதினா மத்த தாய்மாருக்கு உபயோகமா இருக்குமே!”

அஞ்சலைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதுவரை ஒருத்தராவது விவரம் கேட்டதுண்டா? மறுநாளே ‘வேலைக்குப் போகும் தாய்மாருக்குப் பத்து யோசனைகள்’ என்று கரையை நிறைத்து எழுதினாள்.

நாலாம் யோசனை: ‘வெயில் ஏறியதும் நான் மேற்குப் பாறைக்குப் போய்விடுவேன். குஞ்சுகள் மூங்கில் புதருக்குத் தெற்கே கல்லோடு கல்லாகப் படுத்திருக்கும். அசையவே அசையாது. சமத்துகள்!’

ஏழாம் யோசனை: ‘எதிரி வந்தால், இறக்கை ஒடிந்ததுபோல் நொண்டிக்கொண்டே தள்ளிப் போங்கள். முட்டாள் எதிரி உங்கள் பின்னால் வருவான். பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும்.’

“அருமை! அருமை!” என்று கீரி நாக்கைச் சப்புக்கொட்டியது. அஞ்சலை அதைப் பாராட்டு என்று நினைத்தாள்.

மறுநாள் வெயில் ஏறியது. மேற்குப் பாறையில் நின்ற அஞ்சலை, கீழே புல் விலகுவதைப் பார்த்தாள். கீரி மூங்கில் புதருக்குத் தெற்கே திரும்பியது. வழி யாரிடமும் கேட்கவில்லை.

அஞ்சலை காடு அதிரக் கத்தினாள். காடும் தன் கடமையைச் செய்தது. மான்கள் ஓடின. முயல்கள் வளைக்குள் பாய்ந்தன. கரடியார் குகைக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டார்.

குளக்கரையில் வேலப்பனுக்கும் சத்தம் கேட்டது. “அது அவ ஆபீஸ் விஷயம். நாம தலையிடக் கூடாது” என்று காலை மாற்றி நின்றான்.

அஞ்சலை பறந்து வந்து கீரியின் முன்னால் விழுந்தாள். ஓர் இறக்கையைத் தரையில் இழுத்தபடி நொண்டினாள். துடித்தாள். புரண்டாள்.

கீரி விழுந்து விழுந்து சிரித்தது. “அம்மா! இது ஏழாம் யோசனை! நேத்துதானே படிச்சேன்! எழுத்துல இருந்ததைவிட நேர்ல இன்னும் நல்லாருக்கு!”

சொல்லிவிட்டு நேராகக் கற்களுக்கிடையே போய், ஒரு குஞ்சின் காலைக் கவ்வியது. குஞ்சு வீறிட்டது.

அஞ்சலைக்குத் தெரிந்த தந்திரம் எல்லாம் சேற்றில் எழுதியாயிற்று. கீரி படித்தும் ஆயிற்று. அவள் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அது அவள் வாயிலிருந்து தானாகவே வந்தது.

“ஏங்க! ஓடி வாங்க! என்னால முடியலை! தனியா முடியலைங்க!”

குளக்கரையில் வேலப்பன் திடுக்கிட்டான். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று முதலில் அவனுக்கு உறைக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். வேறு யாரும் இல்லை. மடித்து வைத்திருந்த காலை இறக்கினான், பறந்தான்.

இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பறவைகள் மாறி மாறிப் பாய்ந்தன. ஒன்று கண்ணைக் குறிபார்த்தது, ஒன்று காதைக் கொத்தியது.

“இது எந்தப் பதிவுலயும் வரலையே!” என்று அலறிக்கொண்டு, குஞ்சைப் போட்டுவிட்டுக் கீரி ஓட்டம் பிடித்தது.

குஞ்சு உயிரோடு இருந்தது. ஆனால் ஒரு கால் போனது போனதுதான், ஆயுளுக்கும் நொண்டல். அஞ்சலை அதை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவள் அழுவதைக் காடு கேட்டது அன்றுதான் முதல்முறை.

வேலப்பன் மூச்சிரைக்கச் சொன்னான். “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?”

“நாலு குஞ்சு இருக்கிறதை நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரியணுமா?” என்று கேட்டாள் அஞ்சலை.

எல்லாம் அடங்கியதும் கரடியார் குகையிலிருந்து வெளியே வந்தார். “நீ சமாளிச்சிடுவேன்னு எனக்குத் தெரியும் அஞ்சலை! அந்தக் கிழக்குப் பாறையும் காலியாத்தான் கிடக்கு...”

“முடியாதுங்கய்யா” என்றாள் அஞ்சலை. “மேற்குப் பாறையும் முடியாது. பழைய பாறை ஒண்ணுதான்.”

கரடியார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குகைப் பக்கம் நடந்தார்.

மறுநாள் சேற்றில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘நேற்று என்னால் சமாளிக்க முடியவில்லை, இன்று பாதி வேலையை வேலப்பன் பார்க்கிறார்.’ குஞ்சுகள் எங்கே, எத்தனை மணிக்கு என்று அதில் ஒரு சொல் இல்லை.

புள்ளிமான் படித்துவிட்டு முகம் சுளித்தது. “அக்கா எழுத்து முன்ன மாதிரி இல்லை. ஊக்கமே வரலை!” கூட்டம் கலைந்தது. ஒரு தாய் முயல் மட்டும் அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு வீட்டுக்குப் போய், தன் கணவனைத் தட்டி எழுப்பியது.

அன்று மதியம் வேலப்பன் குஞ்சுகளுக்கு முதல்முறையாக எறும்பு பொறுக்கிக் கொடுத்தான். மொத்தம் ஆறு எறும்பு. மாலைக்குள் செய்தி காடு முழுக்கப் பரவிவிட்டது. “பெத்த பிள்ளைங்களை அவனே பார்த்துக்கிறானாம்! தங்கமான மனுஷன்! அஞ்சலை கொடுத்து வைச்சவ!” என்று கொக்குகள் குளக்கரையில் அவனுக்குப் பாராட்டு விழாவே வைத்தன. மாலை போட அவனைத் தேடின. “விழாவுக்கு அப்புறம் போகலாம். நாலாவது இன்னும் சாப்பிடலை, அதைப் பாருங்க” என்று அஞ்சலை அவனைக் கூழாங்கல் பக்கம் திருப்பிவிட்டாள். அவனும் போனான்.

ஒருத்தி எல்லாவற்றையும் தனியாகச் சமாளிக்கிறாள் என்று ஊரே கைதட்டினால், ஊரார் தங்கள் பங்கு வேலையை அவள் தலையில் கட்டிவிட்டுத்தான் சும்மா இருக்கும் கைகளைத் தட்டுகிறார்கள் என்று அறிக.