நேத்தே போன பஸ்

கள்ளிமேட்டு விலக்கில் ஆறரை மணி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். எட்டு மணியாகியும் வண்டியைக் காணோம். எங்களுக்காவது பரவாயில்லை, விருமாயி பாடுதான் திண்டாட்டம். ஈரச்சாக்கை விலக்கி விலக்கி மல்லிகை மொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டு வாய் திறப்பதற்குள் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். மலர்ந்த பூவை அங்கே யாரும் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பஸ் கம்பெனி ஏஜெண்ட் ஒச்சப்பன் சட்டென்று எழுந்து குறுக்கே வந்தார். நாங்கள் ஆட்டோவில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம். அதற்கு அவரிடம் வாயைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது.

"இதெல்லாம் ஒரு போட்டியாப்பா? இதே ரூட்ல பொன்னாத்தா பஸ்ஸும் வெள்ளக்குதிரை பஸ்ஸும் ஓடுச்சே, அது போட்டி. நான் அப்ப பொன்னாத்தால கண்டக்டர். முன்னால போற வண்டிக்குத்தான் கூட்டம். அவன் ஆறரைக்கு எடுத்தா நான் ஆறேகாலுக்கு எடுப்பேன். மறுநாள் அவன் ஆறுக்கு எடுப்பான். இப்பிடியே முந்தி முந்தி, இன்னைக்குப் போகவேண்டிய வண்டிய நேத்தே எடுத்துட்டோம்."

இன்சூரன்ஸ் தவமணிக்குப் பொறுக்கவில்லை. நேத்தே போய் என்னய்யா பண்றது என்று கேட்டார்.

"கேளுங்க. ஒருத்தர் மாலையோட எழவுக்குப் போனாரு. போயி எறங்குனா, செத்தவரே வாசலுக்கு வந்து வாங்க மாப்ளேன்னு காப்பி குடுக்காரு. இவரு என்ன செய்வாரு பாவம், உங்களுக்கு மரியாதை செய்ய வந்தேன்னு சொல்லி மாலையக் கழுத்துல போட்டுட்டு வந்தாரு."

"அடடா, அப்பவே ஒரு பாலிசி போட்டிருக்கலாமே" என்று தவமணி நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஒச்சப்பன் அசரவில்லை. டிக்கெட்டைக் குறைத்துக் குறைத்து ஓசியாக்கினார்களாம். வெள்ளக்குதிரையில் ஏறினவனுக்கு இட்லி கொடுத்தார்களாம். விடுவாரா இவர், கறிக்குழம்பு வாளியோடு படிக்கட்டில் நின்றாராம்.

"கடைசில ரோட்டுல நிக்க ஆளே இல்ல. வீடு புகுந்து, தூங்குனவன எல்லாம் கட்டிலோட தூக்கி ஏத்துனோம். எங்கயும் போகாதவன்கூட நிலக்கோட்டைல போயிக் கண்ண முழிச்சான். ஒருத்தன் சும்மா திரும்பிப் போக வெக்கப்பட்டுக்கிட்டு அங்கயே பொண்ணு எடுத்துட்டான்."

விருமாயி சாக்கிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். "அந்த வெள்ளக்குதிரை இப்ப எங்கண்ணே?"

"ஷெட்டுல நிக்கிது தாயி, கோழி அடையுது. மொதலாளிமார் ரெண்டு பேரும் சம்பந்தியாயிட்டாங்க. கம்பெனியும் ஒண்ணாயிருச்சு." ஒச்சப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "இப்ப நமக்கு எதிரா ஒருத்தன் உண்டா? எப்ப வந்தாலும் ராஜா மாதிரி வருவோம். நாளைக்கு வந்தாலும் சனம் நிக்கும்ல."

சாக்குக்குள் ஒரு மொட்டு லேசாக விரிந்திருந்தது. விருமாயி அதைப் பார்த்தாள். சாக்கைத் தூக்கி ஆட்டோவில் வைத்தாள். பின்னாலேயே தவமணி ஏறினார், நானும் ஏறினேன். ஒச்சப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினார்.

"நேத்தே போன வண்டியையும் நாளைக்கு வர்ற வண்டியையும் நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்றாள் விருமாயி. "எம் பூவு இன்னைக்குத்தான் மலருது."