எழுவர் கேட்ட பின்

செங்கழனி நாட்டில் சட்டத்தைத் திருத்தச் சொல்லப் போய் ஒருவன் வசமாக மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டவன் பெயர் வெயிலுகந்தான். குமுதவர்ம ராஜாவின் சபையில் அவன் மந்திரிக்கு மந்திரி, விகடனுக்கு விகடன்.

அந்த நாட்டில் ஏரி இலாகா என்று ஒன்று இருந்தது. நாகலூர் ஏரி மதகைத் திறக்க வேண்டுமென்றால் ஊரார் மனு கொடுக்க வேண்டும். அதை ஏழு அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராகக் கேட்பார்கள். முதல் அதிகாரி செவ்வாய்க்கிழமை எதையும் தொடமாட்டார். மூன்றாமவர், ஓலைக் கயிற்றில் முடிச்சு சரியில்லை என்று திருப்பி அனுப்புவார். ஏழாமவர்தான் இலாகாத் தலைவர் சடாட்சரனார். மனு அவரிடம் வந்ததும், முதல் அதிகாரி என்ன சொன்னார் என்று விசாரிப்பார். அவ்வளவுதான், மறுபடியும் முதலிலிருந்து. போன வருஷம் நாகலூருக்குத் தண்ணீர் வந்த அன்று, அறுத்துக் கட்டின கதிர்க்கட்டுகள் களத்தில் மிதந்தன.

இந்த வருஷமும் ஏரி தளும்புகிறது, வயல் வெடிக்கிறது. நெல் பால் பிடிக்கிற சமயம். பேச்சி என்கிற குடியானவப் பெண் வெயிலுகந்தானைத் தேடி வந்து, மூன்று நாளைக்குள் ஒரு தண்ணி பாயாவிட்டால் அத்தனையும் பதர்தான் என்று சொல்லி அழுதாள். வெயிலுகந்தானுக்கு மனசு தாங்கவில்லை. நேரே ராஜாவிடம் போய், ஏரிச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று கேட்டுவிட்டான்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. அது அவருடைய பாட்டனார் கைப்பட எழுதின ஓலை. வெள்ளிப் பேழையில் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம் சாத்திக் கும்பிடுகிற ஓலை. சடாட்சரனார் இதுதான் சமயம் என்று ராஜாவின் காதோரம் குனிந்தார். இவன் அவ்வளவு கெட்டிக்காரன் என்றால், ஒரு எழுத்தைக் கூட்டாமல், ஒரு எழுத்தைக் குறைக்காமல் திருத்திக் காட்டட்டுமே என்றார்.

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "நாளை உச்சிக்குள் திருத்து. ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் உன் மந்திரிப் பதவி சடாட்சரனாருக்கு. மதகும் அவர் சொன்னபடிதான்" என்றார்.

வெயிலுகந்தான் வீட்டுக்குப் போனான். பிள்ளையாருக்கு ஒரு விளக்கேற்றி வைத்துவிட்டு யோசித்தான். சட்டம் என்னவோ ஒரே வரிதான்: எழுவர் கேட்ட பின் மதகு திறக்க. அதையே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். திடீரென்று சிரித்தான். பேச்சிக்கு ஆள் அனுப்பி, விடிந்ததும் அரண்மனை வாசலுக்கு இன்னும் ஆறு பேரோடு வரச் சொன்னான்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. ஏரி இலாகாவின் ஏழு அதிகாரிகளும் முன்வரிசையில் பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். வெயிலுகந்தான் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உரக்க வாசித்தான்.

"எழுவர் கெட்ட பின் மதகு திறக்க."

சபை கொல்லென்று சிரித்தது. சடாட்சரனார் முகம் சிவந்துவிட்டது.

வெயிலுகந்தான் அப்பாவியாகக் கைகட்டி நின்றான். பழைய ஓலையில் குறில் நெடிலைப் பிரித்துக் காட்டுகிற புள்ளி கிடையாது, குத்தினால் ஓலை கிழிந்துவிடும், அதனால் கேட்டதும் கெட்டதும் பார்வைக்கு ஒன்றுதான் என்று ராஜாவுக்கு எடுத்துச் சொன்னான். "இந்த ஏழு பேரும் எப்போது கெட்டு, மதகு எப்போது திறப்பது என்றுதான் ராத்திரியெல்லாம் கவலை மகாராஜா. ஒருவேளை முன்பே கெட்டுவிட்டார்களோ என்னவோ."

சடாட்சரனார் பொறுக்கமாட்டாமல் எழுந்தார். "ஓலை வாசிக்கத் தெரியாதவனெல்லாம் மந்திரி. அது 'கேட்ட' ஐயா, 'கேட்ட'. எழுவர் கேட்ட பின் மதகு திறக்க. சின்னப் பிள்ளைகூட வாசிக்கும்."

"அப்படியா? கேட்டு எத்தனை நாள் கழித்துத் திறக்க வேண்டும்?"

"நாளாவது கிழமையாவது. கேட்ட மாத்திரத்தில் திறக்க வேண்டும்" என்றார் சடாட்சரனார், ராஜாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

தலைவரே சொன்ன பிறகு தனக்கு வேறு பேச்சில்லை என்று வெயிலுகந்தான் வாசல் பக்கம் தலையசைத்தான். ஏழு பேர் உள்ளே வந்தார்கள். காலெல்லாம் புழுதி. முன்னால் வந்த பேச்சி ராஜாவைக் கும்பிட்டாள்.

"மகாராசா, நாகலூர் மதகைத் தொறந்துவிடச் சொல்லுங்க."

பின்னால் நின்ற ஆறு பேரும் அதையே ஒவ்வொருவராகக் கேட்டார்கள்.

"எழுவர் கேட்டாயிற்று மகாராஜா" என்றான் வெயிலுகந்தான்.

சடாட்சரனார் பதறிப்போய், எழுவர் என்றால் கண்ட பேர் இல்லை, ஏழு அதிகாரிகள் என்றார். வெயிலுகந்தான் ஓலையை அவரிடம் நீட்டினான்.

"அதிகாரிகள் என்று இதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் ஐயா. இல்லையென்றால் நீங்கள்தான் ஒரு சொல்லைக் கூட்டுகிறீர்கள். ஒரு எழுத்தே கூட்டக்கூடாதென்று நேற்று உத்தரவு."

ராஜா ஓலையை வாங்கித் தாமே வாசித்தார். மீண்டும் வாசித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கும் முன்பே குதிரைக்காரன் நாகலூருக்குப் பறந்தான். இனிமேல் எந்த ஊரிலும் ஏழு குடியானவர்கள் சேர்ந்து கேட்டால் மதகு திறக்க வேண்டியது என்று தண்டோராவும் போடச் சொன்னார்.

வெயிலுகந்தானுக்குப் பொன்னாடை வந்தது. அவன் அதைக் கையில் வாங்கிக்கொள்ளவில்லை. ஓலையைத் தான் தப்பாகத்தான் வாசித்ததாகவும், சரியான வாசிப்பைச் சொல்லி இலாகாவைத் திருத்தியவர் சடாட்சரனார்தான் என்றும், மரியாதை அவருக்கே சேர வேண்டும் என்றும் பணிவாகச் சொன்னான். ராஜாவும் விடுவாரா? பொன்னாடையை எடுத்துச் சடாட்சரனார் தோளில் தாமே போர்த்தினார்.

சடாட்சரனார் நெளிந்தார். "மகாராஜா, நான் ஒன்றுமே செய்யவில்லையே" என்றார்.

"அது ஊருக்கே தெரிந்ததுதானே ஐயா" என்றான் வெயிலுகந்தான்.