முன்னூற்றுத் தொண்ணூற்றொரு யூனிட்

தீபாம்பாள்புரம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. சொன்னால் அங்கிருந்து மறுப்புக் கடிதம் வரும். அதை மூன்று நகல் எடுத்து அனுப்புவார்கள், அசலைத் தொலைத்துவிட்டு அதையும் நம்மிடமே கேட்பார்கள்.

அந்த ஊரில் எரிசக்தி சிக்கன இயக்ககம் என்று ஓர் அரசு அலுவலகம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை எரிசக்தி மேலாண்மை மாநாடு நடத்துவது அதன் வேலை. மற்ற நாட்களில் நடந்த மாநாட்டைப் பற்றி அறிக்கை எழுதுவார்கள். அறிக்கை முடிவதற்குள் அடுத்த மாநாடு வந்துவிடும்.

அங்கே துணை இயக்குநராக இருந்தவர் சோலைமலை. இருபத்திரண்டு மாநாடுகளில் நாற்காலி எண்ணியவர், பேட்ஜ் குத்திவிட்டவர், பேச வந்த பெரியவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தவர். மேடையில் ஏறிப் பேசியது மட்டும் கிடையாது. இந்த ஆண்டுதான் முதன்முறையாக அழைப்பிதழில் அவர் பெயர் வந்தது: ‘முதன்மை உரை: திரு. சோலைமலை’.

முதன்மை உரை என்றால் ஒருவர்தானே பேச வேண்டும் என்று கேட்பீர்கள். இயக்ககத்தில் அப்படியில்லை. யார் பெயரை இரண்டாவதாகப் போட்டாலும் மனவருத்தம் வரும் என்பதால் நாலு பேருக்கும் முதன்மை உரைதான். இயக்குநர் தாண்டவமூர்த்தி, பேராசிரியர் குணமாலை, ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் சவரிமுத்து, நாலாவது நம் சோலைமலை. நாலு பெயரையும் ஒரே வரியில் அச்சடிக்க வேண்டியிருந்ததால் அழைப்பிதழ் துண்டு அகலத்துக்கு வந்துவிட்டது.

சோலைமலைக்கு இதில் வேறொரு கணக்கும் இருந்தது. அவருடைய மனைவியின் தம்பி தவசி மாவு மில் வைத்திருப்பவன். ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பான்.

“மச்சான், ஆபீஸ்ல உங்களுக்கு என்னதான் வேலை?”

“மாப்ள, நான் இல்லாம அங்க எதுவும் ஓடாது.”

“இன்னிக்கு நீங்க இங்கதான் இருக்கீங்க. அங்க ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.”

மொத்த வீடும் சிரிக்கும். சோலைமலை முறுக்கை உடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். இருபத்திரண்டு தீபாவளி இப்படிப் போனது. இந்தத் தடவை தவசியை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்துப் தன் பன்னிரண்டு பக்க உரையையும் கேட்கச் செய்துவிட வேண்டும், அவன் வாயிலிருந்து ஒரு மரியாதைச் சொல்லாவது வந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஒரு மாதமாகப் பீரோ கண்ணாடிக்கு எதிரே நின்று உரையை மனப்பாடம் செய்திருந்தார்.

மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்பு தலைநகரிலிருந்து செயலாளரின் சுற்றறிக்கை வந்தது. மாநாட்டு மண்டபத்தில் மின்சாரச் செலவு சென்ற ஆண்டுச் செலவில் பாதியாக இருக்க வேண்டும், பயன்பாட்டில் இல்லாத எதுவும் இயங்கக் கூடாது, மிச்சப்படும் மின்சாரத்தை மாலை நாலு மணிக்கு நேரில் வரும் செயலாளரிடம் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. நாலு முதன்மை உரையாளர்களும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனையில் உட்கார்ந்தார்கள்.

“ஆளுக்கு நாப்பது நிமிஷம் பேசறோம். பாதியாக் குறைக்கணும்னா பாதிப் பேச்சுதான் பேசணும்” என்றார் குணமாலை.

“எந்தப் பாதி? முன்பாதியா, பின்பாதியா?” என்றார் சவரிமுத்து.

“முன்பாதி.”

“பின்பாதிலதான்மா நன்றி வருது. நன்றி சொல்லாம எறங்கினா நல்லாவா இருக்கும்?”

அப்படியானால் பின்பாதியே பேசலாம் என்றார் குணமாலை. ‘பெரியோர்களே’ என்று கூப்பிடாமல் எப்படிப் பேசுவது என்று சவரிமுத்து கேட்டார். இப்படியே அரை மணி நேரம் போனது. நாலு டீ வந்து போனது.

கடைசியில் தாண்டவமூர்த்தி கண்ணைத் திறந்தார். “நாலு பேரும் ஒரே சமயத்துல பேசினா?”

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நாற்பது நிமிடத்தில் நாலு முதன்மை உரை. பாதி கேட்டார்கள், நாம் காலாகவே குறைத்துக் கொடுக்கிறோம். குணமாலை அந்த யோசனையைப் பாராட்டித் தீர்மானம் எழுதினார்.

சோலைமலை எழுந்து நின்றார். “ஐயா, யார் பேச்சை யார் கேக்கறது?”

“சபையை நாலாப் பிரிச்சிடுவோம். ஆளுக்கு ஒரு பங்கு. அவங்கவங்க பேச்சாளரை மட்டும் கேட்டாப் போதும். மத்தவங்க பேச்சு காதுல விழுந்தா எடுத்துக்கக் கூடாது” என்றார் தாண்டவமூர்த்தி.

இதில் ஒரு சிக்கல் வந்தது. தவசி உட்கார வேண்டிய மூன்றாவது வரிசை சவரிமுத்துவின் பங்கில் போய்விட்டது. தன் பங்கிலிருந்து இரண்டு ஆட்களைத் தருகிறேன், தவசியை மட்டும் கொடுங்கள் என்று சோலைமலை கெஞ்சினார். இரண்டில் ஒருவராவது தாசில்தாராக இருக்க வேண்டும் என்றார் சவரிமுத்து. அப்படியே முடிந்தது.

மாநாட்டு நாள் காலை பத்து மணி. மண்டபத்து வாசலில் தனி மீட்டர் பொருத்தியிருந்தார்கள். நாலு மைக் வைத்தால் நாலு மடங்கு செலவு என்பதால் ஒரே மைக். அதைச் சுற்றி நாலு தலைகளும் நெருங்கி நின்றன. குணமாலையின் கொண்டை சோலைமலையின் கண்ணாடியில் இடித்தது. ஸ்விட்ச் போர்டு அருகே வயர்மேன் பால்சாமி நின்றான்.

“பேசாதப்ப மைக் ஓடக் கூடாது பால்சாமி. வாயை மூடினதும் நிறுத்திடு” என்றார் தாண்டவமூர்த்தி.

“மூணு பேரு பேசி ஒருத்தர் மூச்சு வாங்கினா என்ன பண்றதுங்கய்யா?”

நியாயமான கேள்விதான். மேடையிலேயே ஆலோசனை நடந்தது. அப்படியானால் மைக்கைக் கால்வாசி நிறுத்த வேண்டும் என்று முடிவானது. பால்சாமி ஸ்விட்சைக் கால்வாசி அழுத்திப் பார்த்தான். கைக்குப் பழகவில்லை.

மின்விசிறிக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. வியர்க்காதவருக்கு விசிறி எதற்கு? வியர்த்தவர்கள் கையைத் தூக்க வேண்டும், அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற விசிறியை மட்டும் பால்சாமி போடுவான். பங்குனி மாதம். உரை தொடங்குவதற்குள் ஐந்நூறு பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள். அதைப் பார்த்துத் தாண்டவமூர்த்தி பூரித்துப்போனார். “இத்தனை பேருக்குச் சந்தேகம் இருக்கறது மகிழ்ச்சி. கேள்வி நேரத்துல கேளுங்க” என்று அமர்த்தினார். கைகள் இறங்கின. வியர்வை நின்றுவிட்டது என்று பால்சாமி ஓடிக்கொண்டிருந்த இரண்டு விசிறிகளையும் நிறுத்தினான்.

நாலு பேரும் பேச ஆரம்பித்தார்கள். சந்தையில் ஏலம் விடுவது மாதிரி இருந்தது. ‘பெரியோர்களே’ என்பது மட்டும் நாலு பேருக்கும் பொதுவாக இருந்ததால் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. காற்றும் இல்லை. ஐந்தாவது நிமிடம் சபையில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

தூங்குகிறவர்களுக்கு விளக்கு பயன்பாட்டில் இல்லையே. அவர்கள் தலைக்கு மேலே இருந்த விளக்குகளைப் பால்சாமி அணைத்தான். இருட்டு இதமாக இருந்ததால் பக்கத்தில் இருந்தவர்களும் தூங்கினார்கள். அவர்களுடைய விளக்கும் போனது. இப்படியே தூக்கம் மேடைக்கு முன்வரிசைவரை வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்ததால் பகலிலும் கும்மிருட்டு. யார் வாய் அசைகிறது என்று தெரியாததால் மைக்கையும் நிறுத்திவிட்டான் பால்சாமி. அவனைக் குறை சொல்ல முடியாது.

சோலைமலையின் நிலைமைதான் பரிதாபம். இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. இருட்டில் யாரோ முழங்கையால் இடித்ததில் பன்னிரண்டு தாளும் கைநழுவி மேடைக்கு அடியில் பறந்துவிட்டன. தவசியின் பக்கமிருந்து குறட்டை கேட்டது. அவன் குறட்டையை அவருக்கு நன்றாகத் தெரியும், மூன்று கல்யாணத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார். மனம் விட்டுப்போய், நாலு காலில் தவழ்ந்து மேடைக்கு அடியில் புகுந்து தாள்களைத் தேட ஆரம்பித்தார்.

பதினொரு மணிக்கு மாநாடு முடிந்தது. மீட்டரைப் பார்த்தார்கள். சென்ற ஆண்டு நானூறு யூனிட், இந்த ஆண்டு ஒன்பது. மிச்சம் முன்னூற்றுத் தொண்ணூற்றொரு யூனிட். இதைத்தான் செயலாளரிடம் காட்ட வேண்டும்.

“எங்க இருக்கு அது?” என்றார் குணமாலை.

“செலவாகலைன்னா எங்கயும் போகலைன்னு அர்த்தம். இந்த மண்டபத்துக்குள்ளதான் இருக்கணும்” என்றார் தாண்டவமூர்த்தி.

சவரிமுத்து பதறிவிட்டார். முப்பத்தெட்டு வருட அனுபவம் சும்மாவா? “ஐயா, ஜனங்க வெளிய போறாங்க. பாலியஸ்டர் சட்டையில கரண்ட் ஒட்டும். கழட்டறப்ப சடசடன்னு வருமே, பாத்ததில்லையா? ஆளுக்கு ஒரு யூனிட் எடுத்துக்கிட்டுப் போனா நமக்கு என்ன மிஞ்சும்?”

உடனே வாசலில் ஆட்களை நிறுத்தினார்கள். வெளியே போகிறவர்கள் ஒவ்வொருவரும் சட்டையை, வேட்டி நுனியை, சேலைத் தலைப்பை மண்டபத்துப் பக்கமாக மூன்று முறை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். தாசில்தாரும் உதறினார். பிறகு பிளக் ஓட்டைகளில் எல்லாம் பஞ்சு வைத்து அடைத்தார்கள். ஜன்னல் இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தார்கள். கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள்.

காவலுக்கு நாலு பேர் தேவைப்பட்டார்கள். அவர்களுக்குப் பந்தல், விளக்கு, இரண்டு ஏர்கூலர். உள்ளே இருப்பதைத் தொடக் கூடாது என்பதால் வாடகைக்கு டீசல் ஜெனரேட்டர் வந்தது. அது போட்ட சத்தத்தில், உள்ளே ஓர் ஆள் இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

சோலைமலை மேடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது கையில் பதினொரு தாள் இருந்தது. கதவு பூட்டியிருந்தது. தட்டலாம் என்று கையை ஓங்கினார். ஆனால் உதறச் சொன்னதும் முத்திரை வைக்கச் சொன்னதும் அவர் காதிலும் விழுந்திருந்தது. கதவைத் திறந்தால் முன்னூற்றுத் தொண்ணூற்றொரு யூனிட்டும் அவரோடு வெளியே கிளம்பிவிடாதா? இருபத்திரண்டு வருடம் இயக்ககத்தின் உப்பைத் தின்றவர் அவர். ஓங்கிய கையை இறக்கிவிட்டார்.

பசித்தது. துக்கமாகவும் இருந்தது. இருட்டில் எதிரே ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாததால், இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேடையேறிப் பேச ஆரம்பித்தார். ஒரு தடவை பேசி முடித்ததும் மனசு லேசானது. மறுபடி பேசினார். நாலு மணிக்கு ஆறாவது தடவையாகத் தொடங்கினார். இப்போது குரல் கணீரென்று வந்தது.

அதே நாலு மணிக்குச் செயலாளர் ஆறு கார்களில் வந்து இறங்கினார். குளிர்ச்சி வீணாகிவிடக் கூடாது என்று ஆறு காரும் எஞ்சின் அணைக்காமல் வாசலில் உறுமிக்கொண்டிருந்தன. மச்சானைத் தேடி அலைந்துகொண்டிருந்த தவசியும் கையில் சாப்பாட்டுக் கேரியரோடு கூட்டத்துக்குள் வந்து நின்றான்.

“மிச்சம் பண்ணினது எங்கே?” என்றார் செயலாளர்.

“உள்ள பத்திரமா இருக்குங்கய்யா” என்றார் தாண்டவமூர்த்தி. ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் கதவில் காதை வைத்தார்கள்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “பெரியோர்களே, இத்தனை காலம் இருட்டிலேயே இருந்த என்னை இன்று நீங்கள் மதித்து அழைத்திருக்கிறீர்கள். நான் இல்லாமல் இந்த அலுவலகத்தில் எதுவும் ஓடியதில்லை. ஆனாலும் என் அருமை யாருக்கும் தெரிந்ததில்லை. என்னை இவ்வளவு நாளும் வீணடித்துவிட்டீர்கள்.”

செயலாளர் காதைக் கதவோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார். இத்தனை வருடப் பணியில் எத்தனையோ புள்ளிவிவரம் பார்த்திருக்கிறார். மின்சாரம் தானே வாய் திறந்து முறையிட்டுக் கேட்டதில்லை.

தவசி மட்டும் நெற்றியைச் சுருக்கினான். “ஐயா, இது எங்க மச்சான் குரல் மாதிரி இருக்கே.”

“தம்பி, கரண்ட் யார் குரல்ல வேணும்னாலும் பேசும். நீங்க வீட்ல ரேடியோ கேட்டதில்லையா?” என்றார் சவரிமுத்து.

தவசிக்கு அது சரியாகத்தான் பட்டது. கேரியரைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்று முழு உரையையும் கேட்டான். சில இடங்களில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உரை முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் அவன்தான் கைதட்டினான்.

“இதைத் திறக்க வேண்டாம். அடுத்த வருஷம் மாநாட்டில் இதுவே முதன்மை உரை ஆற்றட்டும்” என்று செயலாளர் உத்தரவு போட்டார். உள்ளே சோலைமலையின் காதில் கைதட்டலும் விழுந்தது, உத்தரவும் விழுந்தது. பிறந்த பயனை அடைந்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

“யாராவது ஏதாவது கேட்க வேண்டுமானால் கேட்கலாம்” என்றார் செயலாளர்.

தவசி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, சாவித் துவாரத்தருகே குனிந்தான். “ஐயா, உங்க பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சுங்கய்யா. ஒரே ஒரு சந்தேகம். எங்க மச்சான் சோலைமலையைக் காலையிலேர்ந்து காணோம். நீங்க எங்கயாவது பாத்தீங்களாய்யா?”

தவசி தன்னை ஐயா என்று கூப்பிடுகிறான். சோலைமலைக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிற ஒரு மனிதனுக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். இருட்டில் மேடை முழுக்கக் கையால் துழாவினார். நாற்காலிகளுக்கு நடுவே போய்ப் பார்த்தார். குனிந்து மேடைக்கு அடியிலும் ஒருமுறை தேடிவிட்டுக் கதவருகே வந்தார்.

“நல்லாத் தேடிட்டேன் தம்பி” என்றார். “இங்க என்னைத் தவிர யாரும் இல்ல.”