முயல் வளையை மூடிய மஞ்சள் பூக்கொடி

பெண் முயல் ஒன்று காட்டோரத்துப் பாழடைந்த பங்களாத் தோட்டத்தில் ஒரு மஞ்சள் பூக்கொடியைப் பார்த்தது. தரையெல்லாம் படர்ந்த அதன் அழகில் மயங்கி, ஒரு துண்டைக் கிள்ளி வந்து தன் வளை வாசலில் ஊன்றியது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்!

பத்தே நாளில் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு வாசலை முக்கால்வாசி மூடிவிட்டது. உள்ளே பால்குடி மறக்காத மூன்று குட்டிகள். முயல் பதறிப்போய்க் கொடியைக் கடிக்கப் போனது.

"நில்லு! நில்லு!" என்று ஓடி வந்தது காட்டு வைத்தியரான நரி. "என்ன செடின்னு தெரியாம கடிக்கிறியே, மூலிகையா இருந்தா?"

ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தது. "மஞ்சள் கரிசலாங்கண்ணியேதான்! முடி வளர இதை விட்டா வேற மருந்தே இல்ல!"

மரத்திலிருந்த வழுக்கைத் தலைக் கழுகு தொப்பென்று இறங்கியது. "முடியா? எனக்கா?" என்று கண்கலங்கியது. அப்போதே தண்டோடு நசுக்கித் தலையில் அப்பிக்கொண்டது. "இதுல ஓர் இலை கடிபட்டாலும் நடக்கிறதே வேற!" என்று முயலை மிரட்டியது.

பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு மட்டும் ஒரு வாய் தின்றுவிட்டுத் துப்பியது. "எனக்கென்னமோ களைன்னு தோணுது, வைத்தியரே."

"ஆடு தொடலைன்னா ஆடாதொடை! இருமலுக்கு நல்லது," என்றது நரி.

"இப்பதானே கரிசலாங்கண்ணின்னீங்க?"

"ரெண்டும்தான்!"

பெயர் முடிவாகும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று நரி தீர்ப்புச் சொன்னது. அன்று பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை.

நாலாம் நாள் காலையில் புல் மேய்ந்துவிட்டு வந்த முயலுக்கு வாசலே தெரியவில்லை. கொடிக்கு அடியிலிருந்து "அம்மா! அம்மா!" என்று குட்டிகளின் குரல் மட்டும் வந்தது. முயல் வாசலைத் தேடிக் கொடியைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

அந்நேரம் பார்த்து, "முளைச்சிடுச்சு! முளைச்சிடுச்சு!" என்று குதித்துக்கொண்டு வந்தது கழுகு. முளைத்திருந்தது முடி அல்ல. தலையில் அப்பிய தண்டு வேர் பிடித்து, நாலு இலையும் ஒரு மஞ்சள் பூவுமாக நின்றது.

"மருந்து நல்லா கேக்குது," என்றது நரி, கொஞ்சமும் கூசாமல்.

முயலுக்கு வந்ததே கோபம்! "மூலிகைன்னா நாமதான் தேடிப் போகணும். இது நம்ம வீட்டையும் தலையையும் தேடி வருது. இது களை!"

பாய்ந்து கடித்து, நகத்தால் வேரோடு பறித்தது. ஆடும் கொம்பால் முட்டிப் பெயர்த்தது. மூன்று குட்டிகளும் தும்மிக்கொண்டே வெளியே வந்தன. பறித்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பாறையில் போட்டுக் காயவைத்தது முயல்.

கழுகு மட்டும் தன் தலையைத் தொட விடவில்லை. பூ வாடாமல் இருக்கத் தினமும் குளத்தில் தலையை நனைத்து வருகிறதாம்!

நீதி: வாசலை அடைக்கிற செடிக்குப் பெயர் தேடிக்கொண்டு உட்காராதே, அது செய்கிற வேலையைப் பார்த்தே அது இன்னதென்று அறிந்துகொள்.