சிட்டம்மையும் மூன்று காட்டு ரோஜாப் பழங்களும்

ரோஜாவுக்கு விதை கிடையாது, குச்சியை வெட்டி நட்டால்தான் வரும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். இது தவறு. சாதாரணத் தவறு அல்ல, ஒரு குடும்பத்தை நாலு வருடத்துக்கு மேல் பிரித்து வைத்த தவறு. ஆகவே இந்தக் கதையை உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். நின்றுகொண்டு கேட்டால் கால் வலிக்கும்.

காட்டு ரோஜா பூத்து இதழ் உதிர்ந்த பிறகு, பூ இருந்த இடத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு காய் திரளும். பழுத்தால் சிவக்கும். அதற்குள் விதைகள் இருக்கும். மறுப்பவர்கள் கை தூக்கலாம். யாரும் இல்லையா? நல்லது, கதைக்குப் போவோம்.

மலைகளுக்கு இன்னும் பெயர் வைத்து முடிக்காத ஒரு காலத்தில், மூடுபனி நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே அரண்மனைத் தோட்டங்களுக்கெல்லாம் அதிகாரி ஒரு மந்திரவாதி. பெயர் நேர்கோடன். நேராக இருப்பது மட்டுமே அவனுக்குப் பிடிக்கும். வளைந்த மரத்தைக் கண்டால் மந்திரம் சொல்லி நிமிர்த்துவான். கோணல்மாணலாகப் பறந்த ஒரு பட்டாம்பூச்சியை ஒருமுறை நேராகப் பறக்க வைத்தான். அது சுவரில் போய் மோதியது. நாட்டில் இருந்த காட்டு ரோஜாப் புதர்களை எல்லாம் நேராக்குகிறேன் என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கொன்றிருந்தான். கிழக்கு மூலைத் தோட்டத்து வேலியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

அந்தத் தோட்டத்தைக் கொடியப்பனும் அவன் மனைவி சிட்டம்மையும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கார்த்திகை மாதக் காலையில் நேர்கோடன் அங்கே வந்தான். புதர் நிறையச் சிவப்புப் பழங்கள். பழங்கள் நிறையக் கொண்டைக்குருவிகள். வெட்டு என்றான்.

கொடியப்பன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "பனிக்காலத்துல குருவிக்கு வேற தீனி இல்லீங்க. தை போகட்டும், நானே வெட்டிடறேன்" என்றான்.

நேர்கோடன் ஒரு மந்திரம் சொன்னான். புதர் சாம்பலாயிற்று. கொடியப்பன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். நேர்கோடன் இன்னொரு மந்திரம் தொடங்கினான். பாதியில் சாம்பல் மூக்கில் ஏறி அவனுக்கு ஒரு தும்மல் வந்தது. மந்திரத்தின் நடுவில் தும்மினால் அது கொஞ்சம் சிந்தும். அன்று சிந்திய மந்திரம் அந்தத் தோட்டத்துப் புழு, பூச்சி, பறவை எல்லாவற்றுக்கும் பேச்சு கொடுத்துவிட்டது. செடிகளுக்கும் சாமான்களுக்கும் கொடுக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகை விலகியது. தலைப்பாகை மட்டும் தரையில் கிடந்தது.

சாபம் கொடுத்தவன் விமோசனமும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சாபம் செல்லாது. ஆகவே நேர்கோடன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "இந்தத் தோட்டத்தில் காட்டு ரோஜா மறுபடி பூத்தால் உன் புருஷன் திரும்புவான். குச்சி நட்டு அல்ல, பதியன் போட்டு அல்ல, விதையிலிருந்து முளைத்துப் பூக்க வேண்டும். ஐந்தாவது பங்குனி உத்திரத்தன்று பொழுது சாய்வதற்குள். தவறினால், இப்போது எதுவாக மாறியிருக்கிறானோ கடைசிவரை அதுவாகவே இருப்பான்."

"எதுவா மாறியிருக்காருங்க?"

"இந்தத் தோட்டத்தில் இருக்கும் ஏதோ ஒன்றாக. எது என்று சொல்ல வேண்டும் என்று விதி இல்லை."

ரோஜாவுக்கு விதை கிடையாது என்று அவனும் நம்பியதால் சிரித்துக்கொண்டே போனான்.

சிட்டம்மை அழுதாள். அழுதுகொண்டே, கைப்பழக்கத்தில், காலடியில் கிடந்த குச்சித் துடைப்பத்தை எடுத்துச் சாம்பலைக் கூட்டப் போனாள். கூட்டப் போனவள் நின்றாள். சாம்பலில் ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"என்னங்க, நீங்களா?" என்று கேட்டாள்.

எறும்பு தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனது. அது பேசியதில் அவளுக்கு வந்த குழப்பம் நாலு வருடத்துக்குத் தீரவில்லை. எதைக் கூட்டினால் யாரைக் கூட்டுவோமோ? துடைப்பத்தைக் கொண்டுபோய்க் குடிசைக் கதவுக்குப் பின்னால் சார்த்தி வைத்தாள். அப்புறம் அதைத் தொடவே இல்லை.

அவள் மடியில், காலையில் குருவிகள் தட்டிவிட்ட மூன்று பழங்கள் இருந்தன. அழகுக்காகப் பொறுக்கியவை. ஒன்றை நகத்தால் பிளந்தாள். உள்ளே மஞ்சளாக, கல் மாதிரி விதைகள். சுற்றிலும் பூனை முடிபோல் மெல்லிய ரோமம். அது கையில் பட்டு நாளெல்லாம் அரித்தது. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம். விதை இருக்கிறதே.

முதல் பழத்து விதைகளை, நெல்லுக்குச் செய்கிற மாதிரி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துணியில் கட்டி வைக்கோலுக்குள் புதைத்தாள். நெல் என்றால் மூன்று நாளில் முளைகட்டும். மூன்று நாள் ஆயிற்று, முப்பது நாள் ஆயிற்று. பிரித்தபோது பூசணம் பூத்திருந்தது.

இரண்டாவது பழத்து விதைகளைச் சட்டியில் மண் போட்டு நட்டு, குளிர் தாக்காதபடி அடுப்போரம் வைத்தாள். முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்த்தாள். தோண்டித் தோண்டி, சட்டியில் இருந்ததைவிட அவள் நகத்தில் மண் அதிகமாயிற்று. ஒன்றும் முளைக்கவில்லை.

காட்டு ரோஜா விதைக்குத் தூக்கம் அதிகம். ஒரு குளிர்காலம் போதாது, இரண்டு வேண்டும். குளிர் தாக்க வேண்டும். தாக்கினால்தான் விழிக்கும். இதை அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. உங்களுக்குச் சொல்ல நான் இருக்கிறேன்.

மூன்றாவது பழத்தைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு, இதை என்ன செய்வது என்று தை மாதம் பூராவும் யோசித்தாள். ஒருநாள் காலை ஒரு கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்து அதை இரண்டு கொத்தாகக் கொத்தி முழுதாக விழுங்கிவிட்டது.

சிட்டம்மை கல்லை எடுத்துக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"என்னங்க, நீங்களா?"

குருவி தொண்டையைச் சரிசெய்துகொண்டது. "இல்லக்கா. ஆனா பழம் நல்லா இருந்துச்சு."

"அது என் கடைசிப் பழம்."

"எனக்கும் அதுதாங்க்கா கடைசி" என்றது குருவி. வேலியில் போய் உட்கார்ந்து எச்சமிட்டுவிட்டுப் பறந்தது.

எல்லாம் முடிந்தது என்று சிட்டம்மை நினைத்தாள். விதைதான் போயிற்று, ஆளையாவது கண்டுபிடிப்போம் என்று தோட்டத்தில் இருந்த ஒவ்வொன்றையும் விசாரிக்க ஆரம்பித்தாள்.

நத்தையைக் கேட்டாள். யோசித்துச் சொல்வதாக நத்தை சொன்னது. மூன்று நாள் கழித்து வந்து, என்ன கேட்டீர்கள் என்று கேட்டது.

கம்பளிப்புழுவைக் கேட்டாள். "நான் என்னவா ஆவேன்னு இன்னும் முடிவாகலை. முடிவானதும் சொல்றேன்" என்றது. இலை தின்பதை மட்டும் நிறுத்தவில்லை.

தொட்டிக்குக் கீழே இருந்த தேரையைக் கேட்டாள். "நானாகவும் இருக்கலாம் அம்மணி. எனக்கு ஞாபகம் கொஞ்சம் மட்டு" என்றது தேரை.

அவள் மடக்கினாள். "அப்படின்னா, நம்ம கல்யாணத்தன்னைக்கு என்கிட்ட முதல்ல என்ன சொன்னீங்க?"

தேரை கண்ணை மூடி யோசித்தது. "மழை வரும்போல இருக்கு."

சிட்டம்மைக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொடியப்பன் அதைத்தான் சொன்னான். அன்றிலிருந்து தேரைக்கு நிழலில் ஒரு ஓடு, ஓட்டுக்குள் ஈரமண், வேளாவேளைக்குத் தண்ணீர். தேரை எல்லோரிடமும் எப்போதும் அதையேதான் சொல்லும் என்று அடுத்த மழைக்காலத்தில் தெரிந்தது. அப்போதும் ஓட்டை எடுக்க மனம் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும்.

இப்படியாக, அந்தத் தோட்டத்தில் எதையும் அவள் நசுக்கவில்லை, விரட்டவில்லை, பிடுங்கவில்லை. சருகைக் கூட்டவில்லை, அடியில் அவர் இருந்தால்? பட்ட மரத்தை வெட்டவில்லை, பொந்துக்குள் அவர் இருந்தால்? வருடா வருடம் நேர்கோடன் வந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்குக் கண் எரிந்தது. மறு வருடம் வேலியோரம் குவிந்து கிடந்த சருகுக்குள்ளிருந்து, குருவி உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, பெயர் தெரியாத ஒரு முளை வந்தது. கீரை மாதிரியும் இருந்தது, களை மாதிரியும் இருந்தது.

"என்னங்க, நீங்களா?"

முளை பேசவில்லை. பேசாததால் அவரில்லை என்றும் சொல்ல முடியாது. சிட்டம்மை அதையும் விட்டுவைத்தாள்.

அடுத்த வருடம் அதில் முள் வந்தது. அதற்கடுத்த வருடம் ஒரு காம்பில் ஏழு சிற்றிலை வந்தது. அன்றைக்குத்தான் அது குருவி விழுங்கிய ரோஜா விதை என்று அவளுக்குப் புரிந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு போய்க் குருவியைத் தேடி மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று குருவிக்குத் தெரியவில்லை.

நாலு பங்குனி போயிற்று. செடி வேலியைத் தாண்டியது. இலைவெட்டித் தேனீக்கள் இலைகளில் காசு வட்டத்துக்கு ஓட்டை போட்டுக் கொண்டுபோயின. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவது பங்குனி வந்தது. மூன்று மொட்டு விட்டது, மூன்றே மூன்று.

முதல் மொட்டைக் கம்பளிப்புழு தின்றது. விரலால் எடுத்து எறிய ஒரு நொடி போதும். சிட்டம்மை கையைக் கட்டிக்கொண்டு, முடிவாகிவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்று வாய் நிறைய மொட்டோடு சொன்னது புழு.

உத்திரத்தன்று மத்தியானம் நேர்கோடன் வந்தான். பின்னால் அரசரும் வந்தார், தீர்ப்புக்குச் சாட்சி வேண்டுமே. நேர்கோடன் வேலியோரம் போய்ப் பார்த்து முகம் கறுத்தான். பிறகு, கோணலாக இருக்கிறது என்று சொல்லி, இரண்டாவது மொட்டைக் கிள்ளிப் போட்டான்.

"அது என் புருஷனுங்க" என்றாள் சிட்டம்மை.

கிள்ளிய கையை நேர்கோடன் இழுத்தான். வரவில்லை. அங்கியை முள் பிடித்திருந்தது. வலது கையை விடுவித்தால் இடது கை மாட்டியது, இடது கையை விடுவித்தால் தலைமுடி மாட்டியது. காட்டு ரோஜா முள் பின்பக்கம் வளைந்தது. இழுக்க இழுக்க இறுக்கும். அரசர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். கோபத்தில் நேர்கோடன் ஒரு கொடியைப் பிடித்து உலுக்க, இலைக்கு அடியில் ஒளிந்திருந்த மூன்றாவது மொட்டு வெயிலுக்கு வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பொழுது மேற்கு மலையைத் தொடுவதற்கு ஒரு முழம் இருந்தபோது அது விரிந்தது. வெள்ளைப் பூ, ஐந்தே இதழ்.

"ஐந்து இதழா? இது ரோஜாவே அல்ல. ரோஜாவுக்கு நாற்பது இதழாவது வேண்டும்" என்றான் நேர்கோடன்.

இதுவும் தவறு. மந்திரத்துக்கு அது தெரிந்திருந்தது.

குடிசைக் கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். கதவு திறந்தது. கொடியப்பன் உடம்பெல்லாம் தூசியும் ஒட்டடையுமாக வெளியே வந்தான்.

சிட்டம்மை ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "கதவுக்குப் பின்னாடியா? அங்க துடைப்பம்தானே இருந்துச்சு?"

"ம்" என்றான் கொடியப்பன். தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டினான். "நத்தைகிட்டப் பேசினே. எறும்புகிட்டப் பேசினே. தேரைக்கு வீடு கட்டிக் கொடுத்தே. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். என்கிட்ட ஒரு வார்த்தை பேசலியே?"

"துடைப்பத்தோட யாராவது பேசுவாங்களா?"

"நத்தையோட பேசுவாங்களா?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அவனுக்கும் அதே நிலைதான். வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்றான். தொட்டிக்குக் கீழே இருந்து, ஆமாம் என்றது தேரை.

சாபம் உடைந்தால் சாபமிட்டவனின் மந்திரமும் போய்விடும், சிந்தியது மட்டும் தங்கும் என்பது விதி. நேர்கோடன் நாலு மலை தாண்டிப் போய்விட்டான். அங்கே போக இருந்த ஒரே பாதை வளைந்து வளைந்து போவது. கிழக்கு மூலைத் தோட்டத்துச் செடிகள் மேல் இனி யாரும் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது என்று அரசர் ஆணை எழுதி, சிட்டம்மைக்கும் கொடியப்பனுக்கும் அதைச் சாசனமாகக் கொடுத்தார். கார்த்திகையில் வேலி நிறையப் பழம். பழம் நிறையக் குருவி. இரண்டு குளிர்காலம் கழித்து நாடெங்கும் காட்டு ரோஜா முளைத்தது.

அதற்குப் பிறகு சிட்டம்மை வாசலில் நின்று "என்னங்க" என்று கூப்பிட்டால், கொடியப்பன் வருவான், தேரை வரும், மூன்று நாள் கழித்து நத்தையும் வரும்.