ஆடு திரும்பி வந்த கதை

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. காலை முதல் வெயில் கொளுத்தியது. பிற்பகலில் மேற்கு மலைமேல் மேகம் திரண்டது. மழை வரவில்லை, காற்று மட்டும் சற்றுக் குளிர்ந்தது.

தென்காசிக்கு அருகே ஒரு சிறிய மடம். அதன் தலைவி உலகம்மை அடிகள். எல்லாரும் அவரை அம்மை என்றே அழைத்தனர். மடத்துப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பிறவிப்பெருமாள், வயதில் அம்மைக்கு மூத்தவர். ஆயினும் அவருடைய மாணாக்கர். மாலைதோறும் அவரிடம் பாடம் கேட்பார்.

அன்றுதான் வாசிப்புத் தேர்வு முடிந்திருந்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே வினாத்தாள். முந்தைய ஆண்டு அந்த வகுப்பில் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. பிள்ளைகள் கதைக்குள் போய்த் திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிட்டது. இந்த ஆண்டும் அப்படியே ஆனால் ஐந்தாம் வகுப்பை மூடிவிட்டுப் பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று கல்வி அலுவலகம் சொல்லியிருந்தது.

பிறவிப்பெருமாள் ஆண்டு முழுவதும் ஒரு வழியைப் பழக்கினார். முதலில் கேள்வியைப் படி. அதிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடு. கிடைத்த வரியே விடை. எந்தப் பிள்ளை எந்த விடையைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “எந்த வரியில் இருக்கிறது?” பிள்ளைகள் விளையாட்டில்கூட ஒருவரையொருவர் அப்படிக் கேட்டுக் கேலி செய்யத் தொடங்கியிருந்தனர்.

தேர்வு விட்டதும் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயருகே கூடி விடைகளை ஒத்துப் பார்த்தனர். சுடலைமணி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். எல்லாரும் அதே விடையைக் குறித்திருந்தனர். ஒவ்வொரு விடைக்கும் கூச்சல் கூடியது. சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியருக்கு, ஓராண்டாக அழுத்திய பாரம் தோளிலிருந்து இறங்குவதுபோல் இருந்தது.

ஒரு கேள்வியில் மட்டும் முத்துப்பேச்சி வேறு விடை சொன்னாள். செல்லக்கனி என்பவள் தன் ஆட்டை ஏன் விற்கவில்லை என்பது கேள்வி. விலை படியவில்லை என்று மற்ற அனைவரும் குறித்திருந்தனர். விற்க மனமில்லை என்று பேச்சி குறித்திருந்தாள்.

“ஏட்டி, விலை படியலன்னு அவளே சொல்லுதாள்லா?” என்றான் சுடலைமணி. “ஒன் விடை எந்த வரியில இருக்கு, காட்டு.”

பேச்சியால் காட்ட முடியவில்லை. அந்தக் கதையிலேயே நேரம் போய், கடைசி இரண்டு கேள்விகளை விட்டுவிட்டதாகவும் அவள் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தனர். ஆசிரியர் அருகில் சென்று, அவள் விடை தவறு என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

அவள் அழவில்லை. “சார், அடுத்த சந்தைக்கு அவ ஆட்ட ஓட்டிட்டுப் போவாளா?” என்று கேட்டாள்.

அது கேள்வித்தாளில் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

மாலையில் அம்மை முற்றத்தில் அமர்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பிறவிப்பெருமாள் வணங்கி அமர்ந்து, தேர்வு நல்லபடியாக முடிந்ததைச் சொன்னார். வகுப்பை மூடமாட்டார்கள் என்றார். பேச்சியின் கதையையும் சிரித்தபடியே சொல்லி முடித்தார்.

அம்மை தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “அந்தப் பத்தியை வாசியுங்கள். என் கையெல்லாம் புளி.”

ஆசிரியர் வினாத்தாளை விரித்தார். அதன் கேள்விகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பத்தியை முதல் வரியிலிருந்து வாசிப்பது அதுவே முதல் முறை.

“செல்லக்கனி தன் வெள்ளாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. இருந்த ஒரு குடையை ஆட்டின் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். சந்தையில் ஒருவர், அவள் கேட்ட விலைக்கு மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். உடனே அவள் விலையைக் கூட்டினாள். அதற்கும் அவர் ஒப்புக்கொண்டார். அவள் மேலும் கூட்டினாள். அவர் போய்விட்டார். அவள் ஆட்டோடு வீடு திரும்பினாள். அண்டை வீட்டார் கேட்டபோது…”

குரல் நின்றது. அம்மை ஒரு கொட்டையை எடுத்துத் தட்டில் போட்டார்.

“அண்டை வீட்டார் கேட்டபோது, ‘விலை படியவில்லை’ என்றாள். அன்று ஆட்டுக்குத் தவிடு ஒரு கை கூடுதலாக வைத்தாள்.”



“பேச்சி சொன்னதே சரி” என்றார் ஆசிரியர். “எல்லார் முன்னிலையிலும் அதைத் தவறு என்றேன்.”

“நாளைக்கும் அவர்கள் எல்லாரும் வருவார்கள் அல்லவா?”

“வருவார்கள்.” அவர் தாளை மடித்தார், மீண்டும் விரித்தார். “அம்மை, நான் பழக்கிய வழியே பிழையா?”

“உங்கள் வகுப்பை மூடப் போவதில்லை என்றீர்களே.”

“ஆம்.”

“நல்லது.” அம்மை புளியைப் பக்கத்தில் ஒதுக்கினார். “அந்தப் பெண் உங்களிடம் ஒன்று கேட்டாளே. அதை இப்போது நான் கேட்கிறேன். அடுத்த சந்தைக்குச் செல்லக்கனி போவாளா?”

பிறவிப்பெருமாளின் விரல், பழக்கத்தால், பத்தியின்மேல் மேலிருந்து கீழாக ஓடியது. கடைசி வரியைத் தாண்டி வெறுந்தாளில் வந்து நின்றது. அவர் வினாத்தாளைக் கீழே வைத்தார். மலைப்பக்கத்திலிருந்து காற்று வந்தது.

“போவாள்” என்றார். “வீட்டில் தேவை இருக்கும், போகாமல் முடியாது. குடையும் எடுத்துக்கொள்வாள். இந்த முறை யாருமே கொடுக்கத் துணியாத விலையைச் சொல்வாள். ஆட்டோடு திரும்பி வருவாள்.”

சொல்லி முடித்தபோது தாம் சிரித்துக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது. அம்மையும் சிரித்தார்.

“எந்த வரியில் இருக்கிறது?” என்றார் அம்மை.



மறுநாள் முதல் பாடவேளையில் பிறவிப்பெருமாள், பேச்சியின் விடையே சரி என்று வகுப்பில் சொன்னார். பிறகு பத்தியை முழுவதும் உரக்க வாசித்து, அவள் முந்தைய நாள் கேட்ட கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார். மணி அடித்த பின்னும் வகுப்பில் சச்சரவு ஓயவில்லை. சுடலைமணி, செல்லக்கனி போகவே மாட்டாள் என்றான். மே மாதம் தேர்வு முடிவு வந்தது. பெரும்பாலோர் தேறியிருந்தனர், ஐந்தாம் வகுப்பு அங்கேயே நடந்தது. கடைசி இரண்டு கேள்விகளை விட்டிருந்தும், முத்துப்பேச்சி சுடலைமணியைவிட ஒரு மதிப்பெண் மட்டுமே குறைவாகப் பெற்றுத் தேறினாள்.